தகவல் ஒருவருடையது, பெயர் இன்னொருவருக்கு

போதைப்பொருள் பிடிபட்டால் மறுநாள் நாளிதழில் வரும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். மேசை நிறையப் பொட்டலங்கள், பின்னால் விறைப்பாக நிற்கும் அதிகாரிகள். துப்புக் கொடுத்த துறைக்கு அதில் இடமிருக்காது. துறைகளிடையே ஒருங்கிணைப்பு இல்லை என்று ஓயாமல் புலம்புகிறோமே, அதற்கு முதல் காரணம் இந்தப் பெயர் வாங்கும் போட்டிதான் என்பேன்.

ஒரு சரக்குப் பெட்டகம் துறைமுகத்துக்கு வருகிறது. இறக்குமதி நிறுவனம் நேற்று முளைத்தது என்பது சுங்கத்துறைக்குத் தெரியும். அதன் கணக்கில் தொழிலுக்குப் பொருந்தாத பணம் புரள்வது நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குத் தெரியும். சரக்கை எடுக்க வரும் ஆள்மீது பழைய வழக்கு இருப்பது காவல் நிலையத்துக்குத் தெரியும். தனித்தனியே பார்த்தால் எதுவும் பெரிதில்லை. மூன்றையும் சேர்த்துப் பார்க்க ஆளில்லாததால் பெட்டகம் வாசலைத் தாண்டிப் போய்விடுகிறது. ஒருங்கிணைப்புக் கூட்டங்கள் நடக்காமல் இல்லை. தேநீருக்கும் தீர்மானத்துக்கும் குறைவே இல்லை.

எல்லாவற்றையும் ஒரே துறையாக்கு என்பார்கள். அமெரிக்கா 1973-இல் அதைத்தான் செய்தது. சுங்கத்துறைக்கும் போதைத் தடுப்புப் பிரிவுக்கும் நடந்த குடுமிப்பிடிச் சண்டை தாங்காமல் டி.இ.ஏ. என்ற ஒரே போதைப்பொருள் தடுப்பு முகமை பிறந்தது. அதற்குப் பிறகும் மற்றத் துறைகளோடு அதிகாரத் தகராறு ஓயவில்லை.

எனக்குப் பிடித்தது ஃபுளோரிடாவின் கீ வெஸ்டில் இயங்கும் கூட்டுப் பணிக்குழு. ராணுவம், கடலோரக் காவல்படை, புலனாய்வுத் துறைகள், வெளிநாட்டு இணைப்பு அதிகாரிகள் எல்லோரும் அங்கே ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். கடத்தல் படகைக் கண்டுபிடித்துப் பின்தொடர்வதுதான் அதன் வேலை. கைது செய்யும் அதிகாரம் கிடையாது. பிடிப்பவருக்கே பெயர் என்பது தெரிந்தே செய்யும் வேலை. போட்டிக்கு இடமேது?

கண்காணித்தபடியே சரக்கைப் போகவிட்டு, அதைப் பெறுபவரைப் பிடிக்கும் முறைக்கு போதைப்பொருள் கடத்தலுக்கு எதிரான 1988-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 11-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் வழியில் இருக்கும் அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு பொறுத்திருக்க வேண்டுமே! ஒரு சோதனைச் சாவடி அவசரப்பட்டால் போதும், ஓட்டுநர்தான் சிக்குவார். முதலாளி யாரென்று அவருக்குச் சத்தியமாகத் தெரியாது.

ஆகவே தகவல் தந்த துறைக்கும் பறிமுதல் கணக்கில் பங்கு கொடுங்கள். எத்தனை கிலோ பிடித்தாய் என்று கேட்கும் மேலதிகாரி, பிற துறைக்கு என்ன கொடுத்தாய் என்றும் கேட்டுப் பதவி உயர்வுக் குறிப்பில் எழுதட்டும். தகவல் கசிந்துவிடும் என்ற அச்சம் வெறும் சாக்கு அல்ல. விலைபோனவர்கள் எல்லாத் துறையிலும் உண்டு. பகிர்ந்த கோப்பை யார், எப்போது திறந்தார் என்ற பதிவு இருந்தால், கசிந்தாலும் ஆளைப் பிடிக்கலாம்.