பில்லர் ட்ரில்லுக்கு அடியில நேரா வீல் மாட்டாதீங்க

அண்ணா, பில்லர் ட்ரில்லுக்கு, அதான் தூண்ல நிக்கிற ஓட்டை போடுற மெஷினுக்கு, "பேஸ்ல நாலு லாக் வீல் மாட்டுனா போதும், எங்க வேணா தள்ளிக்கலாம்"னு மேல போட்டிருக்கீங்க, அது தப்பு. மோட்டாரு, ஹெட்டு எல்லாம் உச்சியில, பேஸோ சின்னது, லாக் போட்டா வீல் உருளாது அவ்ளோதான், மெஷின் சாயறத அது தடுக்காது. பெங்களூரு பீன்யாவுல எங்க ஷெட்டுல தரையில இருந்த வெடிப்புல முன்வீல் இறங்குனதும் மெஷின் அப்படியே முன்னாடி சாஞ்சுது, ரெண்டு பேர் பில்லரக் கட்டிப்பிடிச்சு நிறுத்தினோம், இன்னும் நெனச்சா பதறுது. அப்புறம்தான் பேஸ விட நல்லா அகலமா இரும்பு ஆங்கிள்ல ஃப்ரேம் வெல்டு பண்ணி, வீல வெளி மூலையில வச்சு, மெஷின தரையில இருந்து ஒரு விரல் உயரத்துக்கு இறக்கினோம். ஓட்டை போடுறப்ப வீல்ல நிக்கவே கூடாது, திருகி இறக்குற போல்ட்டு கால இறக்கி அதுல நிக்கணும். தரை சமமில்லன்னா மூணு வீல்தான் வெயிட் தாங்கும், எடைய 4ஆல இல்ல, 3ஆல வகுத்து வீல் வாங்குங்க. தள்றதுக்கு முன்னாடி, ஓட்டை போடுற பொருள வைக்கிற டேபிளக் கீழ இறக்கிடுங்க.