ஜி கார்டு, உனக்கும் எனக்கும் என்ன பகை?

"நாலே நாலு கம்பிதானே, கிடாரை விட ஈஸி"ன்னு சொல்றவங்களை எல்லாம் உக்கார வச்சு யுகுலேலேங்கற குட்டி கிடார் மாதிரி வாத்தியத்துல சி கார்டுல இருந்து ஜி கார்டுக்கு மாத்த சொல்லணும். கார்டுன்னா சில சுரங்களை ஒண்ணா சேர்த்து வாசிக்கறது. சி கார்டு ஒண்ணுமே இல்ல, மோதிர விரலை ஏ கம்பில மூணாவது ஃப்ரெட்ல, அதாவது கழுத்துல இருக்கற மூணாவது கட்டத்துல, வச்சா முடிஞ்சுது. ஏ மைனர்ல இருந்து எஃப்புக்கு போறதும் பரவால்ல, நடுவிரல் இருந்த இடத்துலயே இருக்கும், ஆள்காட்டி விரலை மட்டும் இ கம்பில முதல் ஃப்ரெட்ல சேர்த்தா போதும். அட நமக்கும் வருதேன்னு ஒரு சந்தோஷம், அது ஜி வர்ற வரைக்கும்தான்.

மூணு விரலும் ஒரே நேரத்துல முக்கோணமா இறங்கணுமாம்! ஆள்காட்டி போய் உக்காந்து, நடுவிரல் வந்து சேர்ந்து, மோதிர விரல் தன் கம்பியை தேடி கண்டுபிடிக்கறதுக்குள்ள வலது கை பாட்டுக்கு அடுத்த வரிக்கே போயிடுது, சரி அதை நிறுத்தி வைக்கலாம்னா ரிதம் காலி. அப்படியே கஷ்டப்பட்டு வச்சாலும் ஏ கம்பி 'டொக்'குங்குது, குனிஞ்சு பார்த்தா மோதிர விரலோட சதை பக்கத்து கம்பில சாஞ்சுகிட்டு இருக்கு.

தாளம் தட்டற மெட்ரோனோம் கருவியை நிமிஷத்துக்கு 60 தட்டுல வச்சு மெதுவா பண்ணுங்கன்னு அட்வைஸ் வேற. 60-ல வருதுங்க, யாரு இல்லன்னா? 80-க்கு ஏத்தினா விரல்லாம் யாரோ மாதிரி நிக்குது.

இதுல இ கார்டுன்னு ஒண்ணு இருக்கு, 4442. மூணு கம்பி நாலாவது ஃப்ரெட்ல, ஒண்ணு ரெண்டாவதுல. அந்த குட்டியூண்டு கழுத்துல மூணு விரலை எங்கடா அடைக்கிறது?