டிசம்பரில் பேய்க்கதை சொல்வோம், அதுவும் நம் அடுக்குமாடி புளோக்கில் நடக்கிற கதையாக

டிசம்பர் பிறந்ததும் சிங்கப்பூரில் எங்கள் வாசகர் குழுவில் பேய்க்கதை ஆரம்பமாகிவிடும். முந்நூறு சொல்லுக்குள் ஒரு கதை. ராத்திரி பத்து மணிக்கு மேல் யாராவது ஒருவர் வாட்ஸ்அப்பில் போடுவார். மற்றவர்கள் படித்துவிட்டு, தூக்கம் போச்சு என்று அவரைத் திட்டுவார்கள். 24ஆம் தேதி சாயங்காலத்தோடு நிறுத்திக்கொள்வோம். குழுவில் பலர் நள்ளிரவுத் திருப்பலிக்குக் கிளம்ப வேண்டுமே.

இந்த வருடமும் வழக்கமான கேள்வி வந்தது. "பாலன் பிறக்கிற மாசம், மார்கழி வேற. இப்பப் போய் பேய் பிசாசுன்னு எதுக்கு?" கேட்டவர் நான் மிகவும் மதிக்கிற ஓர் அக்கா. அவருக்கு இரண்டு வரியில் பதில் போட்டு முடிக்க மனம் வரவில்லை. அதனால் இங்கே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸையும் பேயையும் முடிச்சுப் போட்டது நாங்கள் இல்லை அக்கா. இங்கிலாந்தில் அது பழைய வழக்கம். அங்கே டிசம்பர் கடைசியில் நாலு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். வெளியே குளிர், உள்ளே கணப்பு, வீடு நிறையச் சொந்தபந்தம். அவ்வளவு நீண்ட ராத்திரியைக் கழிக்கக் கதை வேண்டியிருந்தது. சார்லஸ் டிக்கன்ஸ் 1843 டிசம்பர் 19 அன்று வெளியிட்ட புகழ்பெற்ற கிறிஸ்துமஸ் கதையில் கஞ்சனைத் திருத்துவது யார்? செத்துப்போன கூட்டாளியின் ஆவியும், அதன் பின்னால் வரும் மூன்று ஆவிகளும்தான். முதலில் அச்சிட்ட 6,000 பிரதிகள் கிறிஸ்துமஸுக்குள் விற்றுத் தீர்ந்தன. பிறகு அவர் நடத்திய வார இதழ்களின் கிறிஸ்துமஸ் மலர்களிலும் பேய்க்கதைகள் வந்தன.

எனக்கு அதைவிடப் பிடித்தவர் எம்.ஆர்.ஜேம்ஸ். கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியில் பழஞ்சுவடிகளை ஆராய்ந்த பெரிய அறிஞர். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு நண்பர்கள் அவர் அறையில் கூடியிருப்பார்கள். இவர் உள்ளறையிலிருந்து கையெழுத்துப் பிரதியோடு வருவார். ஒரு மெழுகுவத்தியை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் ஊதி அணைப்பார். அந்த ஒற்றை வெளிச்சத்தில் உட்கார்ந்து படிக்கத் தொடங்குவார். அப்படி நண்பர்களுக்காக எழுதிய கதைகளின் முதல் தொகுப்பு 1904ல் வந்தது. படித்த மனிதர்கள், பண்டிகைக்கு முந்தைய நாள், ஒரே அறையில் சேர்ந்து பயப்படுகிறார்கள். இதில் பண்டிகைக்கு என்ன குறை வந்துவிட்டது?

சரி, மார்கழிக்கு வருகிறேன். திருவாதிரையன்று நாம் கும்பிடப் போவது சுடலையில் ஆடுகிறவனை. அந்த ஆட்டத்தைப் பாடிய காரைக்கால் அம்மையார் பேயுரு கேட்டு வாங்கிக்கொண்டவர், தன் பாட்டிலேயே தன்னைக் காரைக்கால் பேய் என்று சொன்னவர். நாயன்மார் வரிசையில் மற்றவர்கள் நிற்க, அவர் அமர்ந்திருப்பதைக் கோயிலில் பார்த்திருப்பீர்கள். திருவாலங்காட்டுச் சுடுகாட்டையும் அங்கே திரியும் பேய்களையும் அவர் பாடியதைப் படித்தால், இன்றைய திகில் எழுத்து ரொம்பச் சாது என்று தோன்றும். கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்தில் கூழ் சமைத்துப் பரிமாறுகின்றன. விக்கிரமாதித்தன் கதையில் வேதாளமே கதை சொல்கிறது. பேயை ஒதுக்கிவைத்துவிட்டுப் பக்தி செய்தவர்கள் இல்லை நம் முன்னோர்.

"பேய்க்கதைதான் ஏழாம் மாதத்தில் சொல்லலாமே" என்று இன்னொரு நண்பர் கேட்டார். எனக்கு அதில் உடன்பாடில்லை. சீன நாட்காட்டியில் ஆவிகள் உலவுவதாக நம்பப்படும் அந்த மாதம், நம் சீன அண்டை வீட்டார் தங்கள் முன்னோருக்குப் படையல் போடுகிற மாதம். அவர்களுக்கு அது வழிபாடு. புளோக்குக்குக் கீழே பழமும் ஊதுவத்தியும் வைத்துக் கும்பிடுகிறவர் பக்கத்தில் நின்று அதை நம் பொழுதுபோக்குக்கு எடுத்துக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

சிங்கப்பூரில் நீண்ட இரவும் இல்லை, கணப்பும் இல்லை என்பது உண்மைதான். பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில், வருடம் முழுக்க ஏழு மணி வாக்கில்தான் இருட்டுகிறது. ஆனால் மழை இருக்கிறதே! வடகிழக்குப் பருவமழையில் டிசம்பரில் மட்டும் சராசரியாக 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. மத்தியானம் மூன்று மணிக்கே வானம் கறுத்து வீட்டுக்குள் விளக்குப் போட வேண்டியிருக்கிறது. பள்ளி விடுமுறை வேறு. பல குடும்பங்கள் ஊருக்கோ மலேசியாவுக்கோ போய்விடும். ஆர்ச்சர்ட் சாலையில் 1984 முதல் போடுகிற விளக்கலங்காரத்தைப் பார்க்கக் கூட்டம் அங்கே நெரியும்போது, இங்கே நம் நடைபாதையில் ஆளிருக்காது. எதிர் வீட்டில் இரண்டு வாரமாக விளக்கு எரியாது. கேட்டுக்கு வெளியே செருப்பு மட்டும் ஜோடி ஜோடியாகக் கிடக்கும். பேய்க்கதைக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆக, மாதத்தைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. என் ஆதங்கம் வேறு. நாம் பகிர்கிற கதைகள் எந்த ஊரில் நடக்கின்றன? பாதிக் கதைகளில் ஜமீன் பங்களா. மீதியில் ஊர் எல்லைப் புளியமரம், மாட்டுவண்டி, கொலுசுச் சத்தம். இங்கேயே பிறந்து, புளியமரத்தை அடையாளம் காட்டத் தெரியாத பிள்ளைகள்கூட அந்தப் புளியமரத்தையே எழுதுகிறார்கள். கதை என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று யாரோ சொல்லிவைத்த மாதிரி. ஜேம்ஸ் ஒன்றை வலியுறுத்தினார்: களம் வாசகனுக்குப் பழகியதாக இருக்க வேண்டும், கொஞ்சம் அசந்தால் இது எனக்கே நடந்துவிடும் என்று அவனுக்குத் தோன்ற வேண்டும். பங்களாவில் நமக்கு எது நடந்துவிடப் போகிறது? நாம் பயப்பட வேண்டியது இன்று ராத்திரி குப்பை கொட்டப் போகும் இடத்தைப் பார்த்து.

போன வருடம் குழுவில் ஒரு தாதி எழுதிய கதையை இதற்காகவே சொல்கிறேன், அவர் அனுமதியோடு. ஒன்பதாம் மாடி. பக்கத்து வீட்டுப் பாட்டி தனியாக இருக்கிறார். மழை தூறினால் போதும், சுவரைத் தட்டி "துணி, துணி" என்று குரல் கொடுப்பார். கதை நாயகி ஓடிப்போய், சன்னலுக்கு வெளியே துணி காயப்போட்ட கம்பை உள்ளே இழுப்பாள். பாட்டி இறந்துபோகிறார். இரண்டு வாரம் கழித்து இவள் வேலையில் இருக்கும்போது பெருமழை. துணியெல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வருகிறாள். கேட்டுக்கு முன்னால் துணிகள் காய்ந்து, அழகாக மடித்து அடுக்கியிருக்கின்றன, சட்டைக் கை இரண்டும் உள்பக்கமாக, பாட்டி மடிக்கிற மாதிரியே. நெகிழ்ந்துபோய் அள்ளி எடுக்கிறாள். அடியில் ஒரு வெள்ளைச் சேலை. அவளுடையது இல்லை. அது மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது. அப்போது சுவரில் தட்டுகிற சத்தம், ஆனால் இந்த முறை வீட்டின் உள்ளேயிருந்து.

இவ்வளவுதான் கதை. ரத்தம் இல்லை, விரித்த தலைமுடி இல்லை. மழை வந்தால் கம்பை இழுக்கிற ஒவ்வொருவருக்கும் அது வேலை செய்தது. அன்றைக்கு என் வீட்டுத் துணி வெளியிலேயே கிடந்தது, எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதோடு, அடுத்த வீட்டில் தனியாக இருக்கும் முதியவரைப் பற்றி அந்தக் கதை ஒரு வார்த்தை உபதேசம் செய்யவில்லை, ஆனால் அடுத்த நாள் குழுவில் பேச்சு முழுக்க அவரவர் பக்கத்து வீட்டுப் பாட்டி, தாத்தாவைப் பற்றித்தான்.

இந்த ஊர் மண்ணில் கதைக்கா பஞ்சம்? பிடாடாரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1972ல் அடக்கம் நிறுத்தப்பட்ட இடுகாடு. 2001க்கும் 2006க்கும் இடையே கல்லறைகளைத் தோண்டி எடுத்தார்கள். இப்போது அங்கே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகள், பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். பீஷானும் ஒரு காலத்தில் பெரிய சீன இடுகாடு. இன்னும் அடக்கம் நடக்கிற ஒரே இடம் சுவா சூ காங். அங்கேயும் 1998ல் வந்த கொள்கைப்படி 15 ஆண்டுதான். பிறகு தோண்டி எடுத்துத் தகனம் செய்வார்கள், மதம் அனுமதிக்காவிட்டால் சிறிய குழியில் மறுபடி அடக்கம் செய்வார்கள். உயிரோடு இருப்பவருக்கு வீடு 99 ஆண்டுக் குத்தகை, இறந்தவருக்கு மண் 15 ஆண்டு. நிலம் குறைவு, வேறு வழியில்லை, புரிகிறது. ஆனால் இதற்குள் எவ்வளவு பெரிய துயரமும் பயமும் இருக்கின்றன! தமிழில் இதை எழுத நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்?

மலாய்க்காரர்களின் பெண் பேயான பொந்தியானாக்கை எழுதலாமா என்று ஒரு தம்பி தயங்கினான். தாராளமாக எழுதலாம். 1957ல் கேத்தே கெரிஸ் நிறுவனம் இங்கே எடுத்த பொந்தியானாக் படத்தை இயக்கியதே இந்தியாவிலிருந்து வந்த பி.என்.ராவ்தான். அண்டை வீட்டுப் பேயை மரியாதையோடு அழைத்தால் வரும்.

ஒன்றை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. "உண்மைச் சம்பவம்" என்று தலைப்பிட்டு, புளோக் எண்ணோடு, படத்தோடு சுற்றி வருகிற பதிவுகள். எங்கேயோ ஒரு வீட்டில் ஒரு மரணம் நடந்திருக்கும். குடும்பம் இன்னும் அழுது முடித்திருக்காது. அதற்குள் அங்கே உருவம் தெரிந்தது, குரல் கேட்டது என்று பரப்புகிறார்கள். அந்தத் தாய் அதே மின்தூக்கியில்தானே தினமும் ஏறி இறங்க வேண்டும்? கதை என்று சொல்லிக் கதை எழுதுங்கள், கேட்கிறவர் தெரிந்தே பயப்படட்டும். பொய்யை நிஜம் என்று விற்பதற்குக் கதை என்ற பெயர் பொருந்தாது. அப்படிப்பட்டதை யார் அனுப்பினாலும் எங்கள் குழுவில் நான் அழித்துவிடுவேன்.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் பெரிது. தமிழில் ஒரு வரி எழுதச் சொன்னால் நழுவிவிடுகிற பிள்ளைகள் பேய்க்கதைக்கு வருகிறார்கள். தெக்கோங் தீவில் தேசிய சேவையின் (கட்டாய ராணுவ சேவையின்) பயிற்சி முடித்த ஒரு தம்பி, ராத்திரிக் காவல் முறை பற்றி ஒரு குரல்பதிவு அனுப்பினான். முதல் பாதி ஆங்கிலம். பயம் வருகிற இடம் வந்ததும் தானாகத் தமிழுக்கு மாறிவிட்டான். "அண்ணே, பின்னாடி யாரோ மூச்சு விடுறாங்க அண்ணே." இப்படி ஒரு தமிழ் வாக்கியத்தை எந்தப் பயிற்சித்தாளும் அவனிடமிருந்து வாங்கியிருக்காது என்று உறுதியாக நம்புகிறேன். சின்ன வயதில் பாட்டி மடியில் எந்த மொழியில் பயந்தோமோ அந்த மொழி இத்தனை வருடம் கழித்தும் உள்ளே கிடக்கிறது.

அதனால் அக்கா, இந்த முறையும் தொடர்கிறோம். 24ஆம் தேதி மாலை ஆறு மணி வரை. முந்நூறு சொல், உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் உள்ள ஓர் இடம்: கீழ்த்தளம், மின்தூக்கி, கார் நிறுத்துமிடம், கடைசி பேருந்தின் மேல்தளம், எதுவானாலும் சரி. புளோக் எண் போட வேண்டாம். நிஜமாக இறந்தவர் யாரும் வேண்டாம். பிள்ளைகள் படிக்கிற நேரத்தில் போடாதீர்கள், பத்து மணிக்கு மேல் போடுங்கள். தமிழில் தட்டச்சு வராதவர்கள் குரல்பதிவாக எனக்குத் தனியாக அனுப்புங்கள், நான் எழுத்தாக்கித் தருகிறேன். அப்புறம் அக்கா, உங்கள் அம்மா செம்பவாங் குடியிருப்பில் இருந்தபோது கிணற்றடியில் பார்த்ததாகச் சொல்வீர்களே, அதை இந்த வருடமாவது எழுதிக் கொடுங்கள்.