ஓர் அறை கிடைக்காதவர்களின் காதல்

பாயல் கபாடியாவின் 'ஆல் வீ இமாஜின் ஆஸ் லைட்' 2024 நவம்பர் 22 அன்று இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தபோது, சென்னையில் ஒரு பகல் காட்சியில், இருபது பேர்கூட இல்லாத அரங்கில் அதைப் பார்த்தேன். மும்பையில் வேலை பார்க்கும் அனு என்ற இளம் செவிலி தன் இஸ்லாமியக் காதலன் ஷியாஸின் வீட்டுக்குப் போகப் புறப்படும் இடம் ஒன்று படத்தில் உண்டு. அவன் வீட்டார் ஒரு திருமணத்துக்குப் போகிறார்கள். வீடு சில மணி நேரம் காலியாக இருக்கும். அக்கம்பக்கத்தார் கண்ணில் படாமல் உள்ளே நுழைய அவள் காசு கொடுத்து ஒரு புர்கா வாங்கி அணிந்துகொள்கிறாள். மழையால் திருமணப் பயணம் நின்றுபோன செய்தி பாதி வழியிலேயே அவள் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. எனக்குப் பின்வரிசையில் இருந்த இரண்டு இளைஞர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதை மறைப்பதற்கில்லை. வெளியே வந்த பிறகுதான், இந்தக் காதலுக்குக் குறுக்கே நின்றது மதமா, மழையா, அல்லது நான்கு சுவருக்குள் ஓர் இடம் இல்லாமையா என்ற கேள்வி எழுந்தது.

அதற்குப் பிறகு இப்படத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றையும் நண்பர்கள் சொன்னவற்றையும் கவனித்து வந்திருக்கிறேன். கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவுக்கு முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு சென்ற இந்தியப் படம், அங்கே இரண்டாவது பெரிய பரிசான கிராண்ட் பிரீயைப் பெற்ற படம் என்பதால் பெரும் எதிர்பார்ப்போடு போனவர்களில் பலர், "காதல் கதை என்றார்கள், ஒன்றுமே நடக்கவில்லையே" என்று திரும்பினார்கள். மெதுவாக நகரும் படங்களை ரசிக்கத் தெரியாதவர்கள் என்று அவர்களை ஒதுக்கிவிட எனக்கு மனம் இல்லை. என் கருத்து வேறு. நடப்பதெல்லாம் வீட்டைச் சுற்றியே நடக்கிறது. நாமோ காதலை மட்டும் தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

படத்தின் மூன்று பெண்களையும் ஒருமுறை வரிசையாக வைத்துப் பாருங்கள். கனி குஸ்ருதி நடித்த பிரபாவுக்கு, அனுவோடு வீட்டைப் பகிர்ந்துகொள்ளும் மூத்த செவிலிக்கு, கணவன் இருக்கிறான்; ஆனால் அவன் ஜெர்மனியில் இருக்கிறான், பேச்சு நின்று நெடுநாள் ஆகிறது, அங்கிருந்து வந்து சேர்வது அனுப்பியவர் பெயரில்லாத ஒரு சோறு வேகவைக்கும் குக்கர் மட்டுமே. திவ்ய பிரபா நடித்த அனுவுக்குக் காதலன் இருக்கிறான். அவனோடு தனித்திருக்க இடம் இல்லை. சாயா கதம் நடித்த பார்வதிக்கு, மருத்துவமனைச் சமையற்கூடத்தில் வேலை செய்யும் அந்தக் கைம்பெண்ணுக்கு, பல ஆண்டுகள் வாழ்ந்த வீடு இருக்கிறது. அது அவளுடையது என்று சொல்ல ஒரு துண்டுத் தாள் இல்லை. பார்வதியின் கதையைத் துணைக்கதை என்றும், அது காதல் கதையின் ஓட்டத்தைக் கெடுக்கிறது என்றும் எழுதியவர்கள் உண்டு. அதை எடுத்துவிட்டால் அனுவின் கதை வெறும் மதம் கடந்த காதலாகச் சுருங்கிவிடும் என்றே நான் நினைக்கிறேன்.

பார்வதியை வெளியேற்றத் துடிக்கும் கட்டட நிறுவனம் திரைக்கதைக்காக உருவாக்கிய வில்லன் அல்ல. மத்திய மும்பையின் பரேல், லால்பாக் பகுதிகளுக்குக் கிரண்காவ், அதாவது ஆலைகளின் ஊர், என்று பெயர். 1982 ஜனவரி 18 அன்று தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் வெற்றியும் காணாமல், முறையாக முடித்துவைக்கப்படவும் இல்லாமல் கரைந்துபோனது. 1991-இல் வந்த வளர்ச்சி விதிகள் ஆலை நிலத்தில் ஒரு பகுதியை விற்க வழிவிட்டன. 2001-இல் அந்த விதி மாற்றப்பட்டபோது பொதுப் பயன்பாட்டுக்கும் தொழிலாளர் வீடுகளுக்கும் கிடைக்க வேண்டிய பங்கு வெகுவாகக் குறைந்தது. பீனிக்ஸ் மில் வணிக வளாகம் ஆயிற்று. கமலா மில்லில் அலுவலகங்களும் உணவகங்களும் வந்தன. நீண்ட நடைவழியில் ஒற்றை அறைகள் வரிசையாக நிற்கும் சால்களில் எஞ்சியவர்களிடம், இந்நகரம் முதலில் கேட்பது தாளைத்தான். மின்கட்டண ரசீது, குடும்ப அட்டை, வாடகைச் சீட்டு, ஏதாவது ஒன்று. கணவன் இருந்தவரை எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொண்டார், தன்னிடம் ஒன்றும் சொன்னதில்லை என்று நிற்கும் ஒரு கைம்பெண் அதற்கு என்ன விடை சொல்ல முடியும்? தாள் இல்லாத பார்வதிக்கு வீடு இல்லை; கல்யாணம் இல்லாத அனுவுக்கு அறை இல்லை. நகரம் இருவரிடமும் கேட்பது ஒரே சான்றிதழைத்தான்.

அந்தரங்கக் காட்சிகளை மட்டும் வெட்டியெடுத்துக் கைப்பேசிகளில் சுற்றவிட்டவர்களைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. படம் வெளிவந்த வாரமே இது நடந்தது. திவ்ய பிரபா அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசவும் வேண்டியிருந்தது. கண்ணில் படாமல் இருக்க ஓர் அறை தேடி நகரம் முழுவதும் அலைந்த ஒருத்திக்குக் கடைசியில் ஒரு மறைவிடம் வாய்க்கிறது. அந்தச் சில நிமிடங்களையும் எட்டிப் பார்த்து ஊருக்குக் காட்டியாயிற்று. படத்தில் வரும் அண்டைவீட்டார்கூட இவர்களைவிடக் கண்ணியமானவர்கள்.

ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் 'லாபதா லேடீஸ்' தேர்வானபோது, கபாடியாவின் படம் இந்தியாவில் நடக்கும் ஐரோப்பியப் படம்போல் இருப்பதாகத் தேர்வுக் குழுவினர் கருதினார்கள் என்று செய்திகள் வந்தன. பார்வையாளர்கள் சிலரும் அதையே திருப்பிச் சொன்னார்கள். பணம் பிரான்சிலிருந்தும் நெதர்லாந்திலிருந்தும் லக்சம்பர்க்கிலிருந்தும் வந்தது உண்மைதான். நம் ஊர்த் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் இப்படி ஒரு கதைக்குப் பணம் போடுவதில்லை என்பதும் அதே அளவு உண்மை. ஆனால் மலையாளம் பேசும் செவிலிகள், இந்தி நாவில் புரளாமல் தவிக்கும் மலையாளி மருத்துவர், மராத்தி பேசும் சமையற்காரம்மா, இவர்களில் யார் ஐரோப்பியர்? தொடக்கத்தில் இரவுச் சந்தையின் மேல் ஒலிக்கும் குரல்கள் வெவ்வேறு மொழிகளில் பேசுகின்றன. அவற்றில் ஒன்று, இவ்வளவு காலம் இருந்தும் இதை வீடு என்று சொல்லப் பயமாக இருக்கிறது என்கிறது. அரைநூற்றாண்டாகத் தாராவியில் குடியிருக்கும் திருநெல்வேலிக் குடும்பங்களில் இந்த வாக்கியம் அந்நியமாகத் தோன்ற வாய்ப்பில்லை.

படத்தின் மேல் எனக்கும் குறை உண்டு. "உயர்தரம் என்பது சலுகை பெற்றவர்களின் சலுகை" என்ற பொருளில் ஒரு விளம்பரப் பலகையை நிறுத்தி, பிரபாவும் பார்வதியும் அதன் மேல் கல்லெறிவதாகக் காட்டியது தேவைக்கு மேல் தெளிவு. சிரித்துக்கொண்டே எறிகிறார்கள் என்பதால் மட்டும் அதைப் பொறுத்துக்கொண்டேன். பார்வதியின் சொந்த ஊர் இருக்கும் இரத்தினகிரிக் கடற்கரைக்குக் கதை நகர்ந்ததும் எல்லாருக்கும் எல்லாமும் இளகிவிடுகிறது: காதலர்களுக்குக் குகை, பார்வதிக்குச் சொந்தக் கூரை, பிரபாவுக்குக் கடல் ஒதுக்கிய மனிதன் ஒருவன் வழியாகக் கணவனோடு ஒரு பேச்சு. அந்த மனிதன் உண்மையிலேயே கணவனா என்று வாதிடுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அது அவள் தனக்குள் நடத்திக்கொள்ளும் கணக்குத் தீர்ப்பு என்பது என் எண்ணம். மும்பையில் கிடைக்காத இடத்தைக் கிராமம் இவ்வளவு தாராளமாகக் கொடுக்குமா என்பதுதான் என் சந்தேகம். அனுவும் ஷியாஸும் அந்த ஊரிலேயே பிறந்திருந்தால் அந்தக் குகைக்குப் போயிருக்க முடியுமா?

தொண்ணூறுகளில் பம்பாயில் செவிலியாக வேலை பார்த்து, மூன்று பேரோடு ஓர் அறையைப் பகிர்ந்துகொண்ட என் சித்தி நாகர்கோவிலில் இருக்கிறார். ஹாட்ஸ்டாருக்குப் படம் வந்த பிறகு பார்க்கச் சொல்லிவிட்டு, குகைக் காட்சியைப் பற்றி என்ன சொல்வாரோ என்று கொஞ்சம் பயந்துகொண்டுதான் இருந்தேன். இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். குகை, கடல், ஜெர்மனிக் கணவன் எதைப் பற்றியும் பேச்சில்லை. தொடக்கத்தில் அனு, இந்த மாத வாடகையில் தன் பங்கையும் சேர்த்துக் கொடுத்துவிடும்படி பிரபாவிடம் கேட்கிறாள் அல்லவா, அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். "மக்களே, அந்தப் பிள்ளை கடைசில வாடகையத் திருப்பிக் குடுத்துதா இல்லியா? நான் ரெண்டு தடவ பாத்துட்டேன், காணல."

நானும் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். எனக்கும் காணவில்லை.