பரிசோதனைக்கு முந்தைய பீரியட்

புதிதாக வேலைக்கு வரும் அறிவியல் ஆசிரியர் முதலில் கைவிடுவது பரிசோதனையைத்தான். பாடம் நடத்துவார், டெஸ்ட் வைப்பார், நோட்டுத் திருத்துவார், மெல்லக் கற்போரைச் சாயங்காலம் உட்காரவைத்து ஒரு மார்க் கேள்விகளைச் சொல்லவைப்பார். ஆய்வகச் சாவி மட்டும் ஆணியிலேயே தொங்கும். அதைப் பார்த்துவிட்டு "இப்போ வர்ற வாத்தியாருங்களுக்கு ஆர்வமே இல்லப்பா" என்று எழுதுகிறவர்களோடு எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. ஆர்வத்துக்கெல்லாம் குறைச்சல் இல்லை. டைம்டேபிளில்தான் இடமில்லை.

நான் கம்பம் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியை. படித்தது இயற்பியல். ஆனால் எங்களைப் போன்ற சின்னப் பள்ளியில் இயற்பியல் டீச்சர் என்று தனியாக ஆள் கிடையாது, அறிவியல் டீச்சர்தான். பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் 23 பாடங்கள். நியூட்டனின் இயக்க விதிகளில் ஆரம்பித்து கரைசல், கார்பன், அட்டை, முயல், மூளை, மரபியல் என்று போய்க் கடைசியில் கம்ப்யூட்டரில் ஸ்க்ராட்ச் என்கிற நிரலாக்க மென்பொருள் வரைக்கும் ஒரே ஆள். சரி, படித்துக்கொள்ளலாம். ராத்திரி உட்கார்ந்து படிக்கவும் செய்கிறேன். என் பிரச்சினை அது இல்லை.

கரைசல்கள் பாடத்தில் மயில்துத்தத்தை, அதாவது காப்பர் சல்பேட்டை, சூடுபடுத்தும் சோதனை ஒன்று வரும். நீலப் படிகத்தைச் சோதனைக்குழாயில் போட்டுச் சூடாக்கினால் அதிலுள்ள படிக நீர் வெளியேறி வெள்ளைப் பொடியாகிவிடும். தண்ணீர் விட்டால் மறுபடி நீலம். பிள்ளைகள் பார்க்க ஐந்து நிமிஷம் போதும். ஆனால் அந்த ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் என்னவெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். போன வருஷத்துக் கறையோடு இருக்கும் குழாய்களைக் கழுவிக் காயவைக்க வேண்டும். ஸ்பிரிட் விளக்கில் ஸ்பிரிட் இருக்கிறதா, திரி கருகிக் கிடக்கிறதா பார்க்க வேண்டும். பிடிக்கும் இடுக்கி எந்த அலமாரியில் என்று தேட வேண்டும். தீப்பெட்டிக்குச் சத்துணவுக் கூடத்துக்கு ஆள் அனுப்ப வேண்டும். எல்லாவற்றையும் தட்டில் வைத்து மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனால், மின்விசிறிக் காற்றில் சுடர் நிற்காது. விசிறியை நிறுத்தினால் வகுப்பே வியர்த்துக் கொட்டும். முடிந்ததும் கழுவி, துடைத்து, கண்ணாடி உடையாமல் திரும்ப வைக்க வேண்டும். ஐந்து நிமிஷச் சோதனைக்கு ஒரு மணி நேர வேலை. கல்யாண வீட்டில் பந்தி அரை மணியில் முடிந்துவிடும், அதற்காக அடுப்பு விடிய விடிய எரிந்திருக்கும் இல்லையா, அந்தக் கதைதான். டைம்டேபிளில் பந்திக்கு மட்டும்தான் கட்டம் போட்டிருக்கிறார்கள்.

அப்புறம் ஃப்ரீ பீரியட் எதற்கு இருக்கிறது என்று கேட்கலாம். பெயர்தான் ஃப்ரீ. யாராவது லீவு போட்டால் அந்த வகுப்புக்கு என்னை அனுப்பிவிடுவார்கள். இல்லையென்றால் கல்வித்துறையின் இணையப் பதிவேடான இ.எம்.ஐ.எஸ்.-இல் ஏதாவது பதிவேற்றம் பாக்கி இருக்கும். காலையில் பார்த்து வைத்திருந்த காலி நேரம் பதினோரு மணிக்குள் காணாமல் போய்விடும். வேலைக்கு வந்து பல வருஷம் ஆனவர்களுக்கு எதை எங்கே வைத்திருக்கிறோம் என்று தெரியும், பாடக்குறிப்பும் கையில் இருக்கும், எப்படியோ சமாளித்துவிடுவார்கள். புதுசாக வந்தவருக்கு எல்லாமே முதல் தடவை.

இத்தனைக்கும் அந்தச் சோதனையைச் செய்துகாட்டிய வகுப்பு எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். குழாயின் வாயைக் கொஞ்சம் கீழே சரித்துப் பிடித்துத்தான் சூடாக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளிவரும் நீர் சூடான அடிப்பகுதிக்கு ஓடித் திரும்பிக் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். வாய்ப்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்ததைப் பார்த்ததும் முன் பெஞ்சில் ஒரு பையன், "காஞ்ச பொடியாத்தான டீச்சர் போட்டீங்க, தண்ணி எங்க இருந்துச்சு?" என்றான். புத்தகத்தில் ஒரு காப்பர் சல்பேட் மூலக்கூறுக்கு ஐந்து நீர் மூலக்கூறு என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அதைப் படித்த நாளில் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ஆறவைத்துச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டோம். நீலம் திரும்பியது, குழாயும் சுட்டது. "அடுப்ப அணைச்சாச்சே, இப்ப ஏன் சுடுது?" என்று அடுத்த கேள்வி. வெப்ப உமிழ் வினை என்ற சொல்லை நான் கரும்பலகையில் எழுதும் முன்பே அதற்கான தேவை வகுப்பில் வந்துவிட்டது.

பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி, "இது எங்க தோட்டத்துல சுண்ணாம்போட கலந்து திராட்சைக்கு அடிக்கிறதுதான?" என்றாள். அதேதான். போர்டோ கலவை. அந்தப் போர்டோ, பிரான்சில் திராட்சைக்குப் பேர்போன ஊர். 1880களில் அங்கே கொடியில் வந்த அடிச்சாம்பல் நோய்க்கு இதைத்தான் அடித்தார்கள். கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சைத் தோட்டத்துப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான வேதியியல் பாடம் நான் எங்கே போய்த் தேடுவேன்?

அட்டை பாடத்திலும் இப்படித்தான். நான் ராத்திரி கஷ்டப்பட்டு உடலில் 33 கண்டங்கள், ரத்தத்தை உறையவிடாத ஹிருடின் என்றெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனால், பாதிப் பிள்ளைகளின் அம்மாக்கள் விடியற்காலை ஜீப் ஏறி கேரளத்து இடுக்கி மாவட்டப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். "கடிச்சா வலிக்காது டீச்சர், ஆனா ரத்தம் நிக்கவே நிக்காது" என்று அந்தப் பிள்ளைகள்தான் எனக்குச் சொன்னார்கள். புத்தகத்தில் இருப்பது குளத்து அட்டை, இவர்கள் சொல்வது காட்டு அட்டை. ஆனால் ரத்தம் உறையாமல் இருக்கும் சங்கதி இரண்டுக்கும் பொது. பாடம் பாதி அவர்கள் வீட்டிலேயே இருக்கிறது. அதை எடுத்து மேசைமேல் வைக்க நேரம் வேண்டும், அவ்வளவுதான்.

"செய்முறைத் தேர்வுதான் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. அறிவியலுக்கு 75 எழுத்துத் தேர்வுக்கு, 25 செய்முறைக்கு. தேர்ச்சிக்கு எழுத்தில் 20, செய்முறையில் 15 வேண்டும். எழுத்துத் தேர்வு நெருங்கும் சமயத்தில் செய்முறை வரும். அதற்கு முன்னால் சில நாட்கள் ஆய்வகம் திமிலோகப்படும், ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்க வரிசை நிற்கும். அந்த வேகத்தில் குவிலென்சின் குவியத் தொலைவை ஒருவர் அளப்பார், பத்துப் பேர் எழுதுவார்கள். பாடம் நடக்கும் நாளில் கையில் வர வேண்டிய லென்ஸ், தேர்வு நாளில் வந்து என்ன செய்ய?

வீடியோ போட்டுக் காட்டலாமே என்பது இன்னொரு யோசனை. நானும் காட்டுகிறேன், மூளைக்கும் அணுக்கருவுக்கும் அது நல்ல துணை. ஆனால் வீடியோவில் குழாய் சுடாது.

6 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகளுக்கு 2022இல் வானவில் மன்றம் என்று கொண்டுவந்தார்கள். கருத்தாளர் பொருட்களோடு வந்து செய்துகாட்டுவார். நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். அந்த வகுப்புகளில் ருசி கண்ட பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்கு வந்ததும் "டீச்சர், நம்ம எப்ப செய்வோம்?" என்று என்னிடம்தான் வந்து நிற்கிறது.

நான் கேட்பது பெரிய நிதி ஒதுக்கீடு இல்லை. ஒன்பது, பத்து வகுப்புகளுக்கு வாரத்தில் ஒரு நாள் அறிவியலுக்கு அடுத்தடுத்து இரண்டு பீரியட். அதற்கு முந்தைய பீரியடில் அறிவியல் ஆசிரியரை வேறு வகுப்புக்கு அனுப்பக் கூடாது. இவ்வளவுதான். போர்ஷன் முடியாது என்று மூத்தவர்கள் பயப்படுகிறார்கள். மயில்துத்தம் அன்றைக்கு ஒரே வகுப்பில் படிக நீர், நீரற்ற உப்பு, வெப்ப உமிழ் வினை மூன்றும் முடிந்தன. திரும்ப நடத்த வேண்டிய அவசியமே வரவில்லை. போர்ஷனைத் தின்பது சோதனை இல்லை, புரியாமல் போன பாடத்தைத் திருப்புதலில் மூன்றாம் முறை நடத்துவதுதான்.

எச்.எம்.மிடம் கேட்டுப் பார்த்தேன். யோசித்துவிட்டு, "கணக்கு சார் ஒத்துக்கிட்டா எனக்கொண்ணும் இல்லம்மா" என்றார். கணக்கு சார் வியாழக்கிழமை மூன்றாம் பீரியடை விட்டுத்தரத் தயார். பதிலுக்கு என்னுடைய திங்கட்கிழமை முதல் பீரியட் வேண்டுமாம். பேச்சுவார்த்தை போய்க்கொண்டிருக்கிறது.