முதலில் மான் போகும் வழி, அப்புறம் சுரங்கம்

வடதுருவப் பக்கம் எண்ணெய், சுரங்கம், காற்றாலை என்று எது வந்தாலும் "வளர்ச்சியா, விலங்குகளா" என்று ஒரு பட்டிமன்றம் ஆரம்பித்துவிடுகிறது. எனக்கு அந்தத் தலைப்பே தப்பாகப் படுகிறது. இதுவரை அங்கே நடந்ததைப் பார்த்தால் கேட்க வேண்டியது வேறு. விலங்குகள் போகும் வழியைப் பற்றி எப்போது யோசித்தார்கள், கட்டுவதற்கு முன்பா, கட்டி முடித்த பிறகா?

அலாஸ்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 1968ல் புருடோ பே பகுதியில் எண்ணெய் கிடைத்ததும், அதைத் தெற்கே கொண்டுபோகும் குழாயில் பெரும்பகுதியை மண்ணுக்குள் புதைத்துவிடலாம் என்றுதான் முதலில் திட்டம் போட்டார்கள். காலங்காலமாக உறைந்து கிடக்கும் நிலம் அது, அதற்குள் சூடான எண்ணெய் ஓடினால் நிலம் உருகிக் குழாயே உடையும். 1970ல் சூழல் அமைப்புகள் நீதிமன்றம் போனதில் வேலை வருடக்கணக்கில் நின்றது, 1973ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்ட பிறகுதான் நகர்ந்தது. அந்த இடைவெளியில் வடிவமைப்பு மாறியது. 1977ல் எண்ணெய் ஓட ஆரம்பித்தபோது, சுமார் 1,290 கிலோமீட்டர் குழாயில் பாதிக்கும் மேல் தூண்களின் மேலே நின்றது, விலங்குகள் கடக்க 500க்கும் மேற்பட்ட இடங்கள் விடப்பட்டிருந்தன. தாமதம் என்று அன்றைக்குத் திட்டு வாங்கிய வருடங்கள்தான் அந்தக் குழாயையும் காப்பாற்றின என்பது என் கருத்து.

அதற்காக அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. எண்ணெய் வயலைச் சுற்றி வாழும் கரிபு (வட அமெரிக்கத் துருவ மான்) மந்தை பெருகியதே என்று கம்பெனிக்காரர்கள் அடிக்கடி சொல்வார்கள். 2010 வரை பெருகியது உண்மை, பிறகு வேகமாகச் சரிந்ததும் உண்மை. தலையை எண்ணினால் மட்டும் தெரியாத ஒன்றும் உண்டு: ஜூன் மாதம் கன்று ஈனும் தாய் மான்கள் சாலைகளையும் குழாய்களையும் விட்டுப் பல கிலோமீட்டர் ஒதுங்கிப் போகின்றன. நல்ல மேய்ச்சல் இருந்த இடத்தைக் கைவிட்டுத்தான் ஒதுங்குகின்றன.

என்னை அதிகம் கோபப்படுத்துவது நார்வேயில் நடந்தது. ஃபோசன் தீபகற்பத்தில் சாமி (Sámi) என்ற வட ஐரோப்பியப் பழங்குடிகள் தங்கள் துருவ மான்களைக் குளிர்காலத்தில் மேய்க்கும் நிலத்தில் ஸ்டோர்ஹெய்யா, ரோவான் என்று இரண்டு காற்றாலைப் பண்ணைகள், மொத்தம் 151 காற்றாலைகள். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே கட்டினார்கள். ஸ்டோர்ஹெய்யா வேலையை நிறுத்திவையுங்கள் என்று 2018ல் ஐ.நா. குழு ஒன்று கேட்டும் அரசு கேட்கவில்லை. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாக, சாமி மக்களின் பண்பாட்டு உரிமை மீறப்பட்டிருக்கிறது, இந்த உரிமம் செல்லாது என்று தீர்ப்பளித்தார்கள். சரி, காற்றாலை நின்றதா? இல்லை, சுற்றிக்கொண்டேதான் இருந்தது. தீர்ப்பு வந்து 500 நாள் ஆன பிறகு சாமி இளைஞர்கள் அமைச்சகத்துக்குள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள், அதற்குப் பிறகுதான் அரசு மன்னிப்புக் கேட்டது. கடைசியில் இழப்பீடு, மாற்று மேய்ச்சல் நிலம் என்று ஒப்பந்தம் போட்டார்கள். காற்றாலைகள் அங்கேயே இருக்கின்றன.

அந்த வழக்கில் எனக்கு மறக்காத ஒரு விஷயம் உண்டு. கீழ் நீதிமன்றம் சுமார் 9 கோடி குரோனர் (நார்வே நாணயம்) இழப்பீடு கொடுக்கச் சொன்னது, குளிர்காலத்தில் மான்களை வேலிக்குள் வைத்துத் தீவனம் போட்டுச் சமாளித்துக்கொள்ளலாம் என்ற கணக்கில். உச்ச நீதிமன்றம் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. எப்படி ஏற்க முடியும்? பனியைக் குளம்பால் தோண்டி அடியில் இருக்கும் லைக்கனை (மண்ணிலும் பாறையிலும் படரும் பாசி போன்ற உயிரை) தின்று குளிரைக் கடக்கும் விலங்கு அது. லைக்கன் வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும், ஒருமுறை அழிந்தால் மீண்டு வரப் பல பத்தாண்டுகள் ஆகும். அந்த மேய்ச்சலும், அதை நம்பித் தலைமுறை தலைமுறையாக மலைக்கும் கடற்கரைக்கும் நடந்த மேய்ப்பர்களின் அறிவும் போன பிறகு பணத்தை வைத்து எதை வாங்குவது?

காற்றாலைக்கு நான் எதிரி கிடையாது. பூமி சூடாவதில் முதல் அடி வாங்குவதே இந்த வடக்குப் பகுதிகள்தான். குளிர்காலத்தில் பனிக்குப் பதில் மழை பெய்து உறைந்துவிட்டால் மான் தோண்டவே முடியாமல் பட்டினி கிடக்கிறது. நிலக்கரியை விடத்தான் வேண்டும். ஆனால் பசுமை மின்சாரம் என்று பெயர் வைத்துவிட்டால் மேய்ச்சல் நிலத்தின் நடுவே எதை வேண்டுமானாலும் நடலாம் என்ற நினைப்பை என்னால் ஏற்கவே முடியாது.

இப்போது ஸ்வீடனின் கிருனாவில் அதே கதை ஆரம்பிக்கிறது. அங்கே ஏற்கெனவே பெரிய இரும்புச் சுரங்கம் இருக்கிறது, அதனால் நிலம் இறங்கி ஊரையே இடம் மாற்றுகிறார்கள். பக்கத்தில் பெர் யேயர் (Per Geijer) என்ற இடத்தில் அரிய மண் தாதுக்கள் பெருமளவில் இருப்பதாக 2023 ஜனவரியில் அறிவித்தார்கள். மின்சாரக் காருக்கும் காற்றாலைக்கும் வேண்டிய பொருள். கப்னா என்ற சாமி மேய்ப்பர் சமூகம் சொல்வது இதுதான்: மேற்கே மலைக்கும் கிழக்கே காட்டுக்கும் மான்கள் வலசை போக மிச்சம் இருக்கும் வழியே இது ஒன்றுதான், இதையும் அடைத்தால் மந்தை இரண்டாகப் போகும்.

அங்கே வரைபடம் போடும் மேசையில் முதல் நாளிலேயே அந்த மேய்ப்பர்கள் உட்கார வேண்டும். கருத்துக் கேட்புக் கூட்டம் என்று கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கி அனுப்புவது போதாது, வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் திட்டம் மாறும் அளவுக்கு அதிகாரம் வேண்டும். வலசை நாட்களில் லாரியும் வெடியும் நிற்கும் என்பதை உரிமத்திலேயே எழுத வேண்டும். வழக்கு முடியும்வரை ஒரு கல்கூட நகரக் கூடாது. இதையெல்லாம் செய்தும் வழி மிஞ்சாது என்று தெரிந்தால், அந்தத் தாது மண்ணுக்குள்ளேயே இருக்கட்டும்.