பணம் மட்டும் காரணமில்லை

தமிழ்நாட்டில் மருத்துவமனைப் பிரசவம் 99 சதவீதத்தைத் தாண்டியதற்கு ஏழைக் கர்ப்பிணிகளுக்கு அரசு தவணை தவணையாக உதவி தரும் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய்தான் காரணம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு உடன்பாடில்லை. தொகை 12,000-இலிருந்து 18,000 ஆனதே 2018-இல்தான். அதற்கு முன்பே ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்களைப் போட்டு 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு வலி எடுத்தாலும் ஆள் இருப்பார்கள் என்ற தைரியம்தான் ஜனங்களை அங்கே கொண்டுபோனது.

என் தங்கைக்கு ஏழாம் மாதத்தில் ரத்த அளவு (ஹீமோகுளோபின்) எட்டுக்கும் கீழே. குமட்டுகிறது என்று இரும்புச்சத்து மாத்திரையை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். வீட்டுக்கு வந்த கிராம சுகாதார செவிலியர் மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். திட்டவில்லை. "ராத்திரி சாப்பிட்டுட்டுப் போடும்மா, காபி டீயோட மட்டும் வேண்டாம்" என்றார். அப்புறம் அடுத்த வாரமே நரம்பில் ஏற்றும் இரும்பு மருந்துக்கு அவரே கூட்டிப்போனார். சுகப்பிரசவம், மூன்று கிலோ பையன்.

பணமா? வங்கிக் கணக்கில் பெயர் ஓரெழுத்து மாறியிருந்ததால், கடைசித் தவணை வருவதற்குள் பையன் தவழவே ஆரம்பித்துவிட்டான். அதே திட்டத்தில் கொடுத்த ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் வந்த நெய்யை மட்டும் அம்மா இன்னும் புகழ்கிறாள்.

சமவெளியில் 5,000 பேருக்கு, கிராம சுகாதார செவிலியர் இருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. எங்கள் செவிலியர் பக்கத்து ஊரையும் சேர்த்துப் பார்க்கிறார், அங்கே செவிலியர் பணியிடம் காலி. கட்டுரையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.